கூட்டத்தை வாட்ஸ்அப்பிலேயே விடுங்கள், வேலையை மட்டும் டிஸ்கார்டுக்கு மாற்றுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். சென்னையில் ஒரு மாடித்தோட்டக் குழு. வாட்ஸ்அப்பில் 1024 பேர் என்ற வரம்பைத் தொட்டுவிட்டதால் இரண்டாவது குழு தொடங்கியிருக்கிறார்கள், இப்போது எந்தக் குழுவில் யார் என்ன கேட்டார்கள் என்றே தெரிவதில்லை. ஞாயிறு மாலை எல்லோரும் குரலில் கூடிப் பேசவும் வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். "மொத்தமாக டிஸ்கார்டுக்குப் போய்விடலாமா?"

மொத்தமாகப் போகாதீர்கள். போனால் ஒரு சிறு பங்குதான் உங்கள் பின்னால் வரும், மற்றவர்கள் பழைய குழுவிலேயே குட் மார்னிங் படம் போட்டுக்கொண்டிருப்பார்கள், ஆறு மாதத்தில் உங்களிடம் இரண்டு குழுவுக்குப் பதில் மூன்று இருக்கும். ஆனால் டிஸ்கார்ட் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். நான் சில குழுக்களுக்கு டிஸ்கார்ட் சர்வர் (ஒரு குழுவுக்கான தனி இடம், அதற்குள் சேனல் என்ற பெயரில் அறைகள்) அமைத்துக் கொடுத்து நிர்வாகமும் பார்க்கிறேன், கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமும் அதில் உண்டு, பேரன் பேத்தி எடுத்தவர்கள் கூட்டமும் உண்டு. அதில் பார்த்தவரை, இந்தச் செயலி வேலை செய்கிற ஆட்களுக்கு அருமையாகப் பொருந்தும், வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்குப் பொருந்தாது. எல்லாக் குழுவிலும் இந்த இரண்டு வகையும் கலந்துதான் இருக்கும்.

முதலில் குரல் விஷயம், ஏனென்றால் டிஸ்கார்டின் உண்மையான பலம் அங்கேதான். 2015 மே மாதம் இது வெளிவந்தபோது விளையாடுகிறவர்களுக்கான குரல் செயலியாகத்தான் வந்தது. தொடங்கிய ஜேசன் சிட்ரனும் ஸ்டானிஸ்லாவ் விஷ்னெவ்ஸ்கியும் அதற்கு முன் 'ஃபேட்ஸ் ஃபாரெவர்' என்று ஒரு மொபைல் விளையாட்டு செய்து பார்த்தார்கள், அது ஓடவில்லை. குழுவாக ஆடும்போது பேசிக்கொள்ள நல்ல வழி இல்லை என்ற குறை மட்டும் மிஞ்சியது. அதனால்தான் இதில் 'அழைப்பு' என்பதே முக்கியமில்லை. வாய்ஸ் சேனல் வீட்டுத் திண்ணை மாதிரி எப்போதும் திறந்தே கிடக்கும், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வெளியிலிருந்தே தெரியும், பிடித்தால் போய் உட்காரலாம், எழுந்து போனால் யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம். வாட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேர்தான். 'வாய்ஸ் சாட்' என்று மணி அடிக்காமல் சேர்கிற வசதியை அவர்களும் பிறகு கொண்டுவந்தார்கள், ஆனால் பேச்சு முடிந்ததும் அது மறைந்துவிடும். விதை பரிமாற்றத்துக்கு ஒன்று, பூச்சி நோய்க்கு ஒன்று, சும்மா பேச ஒன்று என்று நிலையான அறைகளை வைத்துக்கொள்ள முடியாது.

டேட்டா கேட்பீர்கள். சாதாரண வாய்ஸ் சேனல் 64 கேபிபிஎஸ்ஸில் ஓடுகிறது. கணக்குப் போட்டால் ஒருவர் ஒரு மணி நேரம் இடைவிடாமல் பேசினால் கேட்பவருக்குச் சுமார் 29 எம்பி. நாற்பது பேர் அறையில் இருந்தாலும் நாற்பது மடங்கு ஆகாது, பேசாதவர் பக்கமிருந்து சத்தம் அனுப்பப்படுவதே இல்லை. மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினால்தான் மூன்று மடங்கு, அப்போது டேட்டாவைவிடக் காதுதான் முதலில் போகும். வாட்டர் கேன் கணக்கில் இன்டர்நெட் வாங்குகிற வீட்டில்கூட இது தாங்கும். சேனல் அமைப்பில் பிட்ரேட்டை, அதாவது அந்த 64-ஐ, இன்னும் கீழே இறக்கவும் முடியும், பேச்சுக்கு 32 போதும். மழைக்காலத்தில் சிக்னல் தள்ளாடும்போது இறக்கிவைப்பது நல்லது. அதே இடத்தில் 'ரீஜன்' என்று ஒன்று இருக்கும், ஆட்டோமேட்டிக்கில் குரல் வெட்டி வெட்டி வந்தால் இந்தியா என்று மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று, கிரிஸ்ப் என்ற இரைச்சல் வடிகட்டி உள்ளேயே இருக்கிறது. குக்கர் விசில், சீலிங் ஃபேன், ஜன்னலுக்கு வெளியே ஷேர் ஆட்டோ ஹாரன் எல்லாவற்றையும் ஓரளவு அடக்கிவிடும். ஆனால் இதைப் போட்டுவிட்டு யாராவது பாட்டுப் பாடினாலோ நாதஸ்வரம் வாசித்துக் காட்டினாலோ அதையும் இரைச்சல் என்று நினைத்துக் கடித்துத் துப்பும். உங்கள் குழுவில் அந்தப் பிரச்சினை வராது என்று நம்புகிறேன்.

ஞாயிறு கூட்டத்துக்கு வாய்ஸ் சேனலைவிட 'ஸ்டேஜ்' சேனல் சரி. நான்கு பேர் மேடையில், மற்றவர் கேட்பவர்கள், கேள்வி இருந்தால் கை தூக்கலாம், நடத்துபவர் மேலே அழைப்பார். நூறு பேர் மைக்கை மியூட் செய்யச் சொல்லி இருபது நிமிடம் கெஞ்சுகிற வேலை மிச்சம். ஆனால் பேச்சைப் பதிவு செய்ய டிஸ்கார்டில் சொந்தமாக வசதி கிடையாது, அதற்கு வெளியே இருந்து ஒரு பாட் (தானாக வேலை செய்யும் சின்ன நிரல்) சேர்க்க வேண்டும். சேர்த்தால் கூட்டம் தொடங்கும்போதே "இது பதிவாகிறது" என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது எழுத்து. ஆயிரம் பேர் குழுவை வாட்ஸ்அப்பில் நடத்துவதில் உள்ள பெரிய தலைவலி, ஒரே கேள்வி வாரம் ஒருமுறை வருவது. செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக அப்பியிருக்கிறது, என்ன செய்வது? மாவுப்பூச்சி, வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளியுங்கள் என்று அதே மூன்று பேர் அதே பதிலை எழுதுவார்கள், பிறகு சலித்துப்போய் எழுதாமல் விடுவார்கள். நல்ல ஆட்கள் குழுவை விட்டு ஒதுங்குவது சண்டையால் குறைவு, இந்தச் சலிப்பால்தான் அதிகம்.

டிஸ்கார்டில் 2022-இல் வந்த 'ஃபோரம்' சேனல் இதற்கு நல்ல மருந்து. ஒவ்வொரு கேள்விக்கும் தலைப்பு வைத்தே ஆகவேண்டும், படம் போடலாம், 'பூச்சி', 'மண்கலவை', 'கீரை', 'கொடி வகை' என்று டேக் ஒட்டலாம், பதில்கள் அந்தக் கேள்விக்கு அடியிலேயே நிற்கும். அடுத்த முறை யாராவது கேட்டால் பழைய பதிவின் லிங்கை எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. நேற்றுச் சேர்ந்தவருக்கும் போன வருடப் பதிவு தெரியும். வாட்ஸ்அப்பில் புதிதாக வந்தவருக்குத் தான் சேர்வதற்கு முன் நடந்த பேச்சு முழுதாகக் கிடைக்காது.

ஆனால் தமிழில் நடக்கிற குழுவுக்கு இதில் சில முட்கள் உண்டு, செயலியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதையெல்லாம் தொடுவதே இல்லை.

செயலியின் மெனுக்கள் தமிழில் கிடையாது. இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. யூசர்நேம் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் இருக்கவேண்டும், வெளியே தெரிகிற பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு செய்தியில் 2000 எழுத்துதான் எழுதலாம். தாராளமாகத் தெரியும், ஆனால் கம்ப்யூட்டர் எண்ணுகிற விதம் வேறு. 'மாவுப்பூச்சி' என்பது நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் துணைக்கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனித்தனி, அதனால் அங்கே அது 12. விரிவாக எழுதுகிறவர் இருநூற்றுச் சொச்சம் சொல் எழுதியதுமே சிவப்பில் மைனஸ் கணக்கு காட்டும். மண்கலவை பற்றி உங்கள் குழுவில் ஒருவர் கட்டுரை அளவுக்கு எழுதுவார் இல்லையா, அவர் அதை இரண்டு மூன்றாக உடைத்துத்தான் போடவேண்டும்.

தேடுவதும் அப்படித்தான். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' என்று எழுதியது அகப்படும் என்று நம்பமுடியாது, வேற்றுமை உருபு சேர்ந்ததும் சொல்லே மாறிவிடுகிறது. போதாததற்குப் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள். இது எல்லாச் செயலிக்கும் உள்ள குறைதான். டிஸ்கார்டில் ஒரு நல்லது, இன்னார் எழுதியது, படம் உள்ளது, இந்தச் சேனல், இந்தத் தேதிக்கு முன் என்று வடிகட்டலாம். சொல்லைவிட்டு ஆளையும் படத்தையும் வைத்துத் தேடப் பழகினால் வேலை நடக்கும். டேக் ஒட்டுவதைக் கட்டாயமாக்குங்கள் என்று நான் எல்லாக் குழுவிலும் நச்சரிப்பது இதற்காகத்தான், ஃபோரம் அமைப்பில் அதற்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது.

கெட்ட வார்த்தை வடிகட்டும் ஆட்டோமாடும் அதே கதை. ஒரு சொல்லைத் தடுத்தால் அதோடு 'ஐ', 'ஆல்', 'க்கு' சேர்ந்த வடிவம் நழுவிப் போய்விடும். சொல்லுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் எது ஒட்டி வந்தாலும் பிடிக்கும். அதிலும் கவனம் வேண்டும், சின்னச் சொல்லுக்கு நட்சத்திரம் போட்டால் ஒரு பாவமும் அறியாத கீரைப் பெயர் ஒன்று மாட்டிக்கொண்டு, போட்டவர் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் முழிப்பார்.

இப்போது முக்கியமான இடம். ஓய்வுபெற்ற ஒருவர் முதல் நாள் உள்ளே வருவதை மனதில் ஓட்டிப் பாருங்கள். லிங்கைத் தட்டுகிறார், பிரவுசர் திறக்கிறது, செயலி இறக்கச் சொல்கிறது. இறக்கியதும் மெயிலோ போன் நம்பரோ, பெயர், பாஸ்வேர்டு, பிறந்த தேதி, அப்புறம் 'நீங்கள் மனிதர்தானா' என்று படம் பொறுக்கச் சொல்லும் சோதனை. யூசர்நேம் வேறொருவர் எடுத்துவிட்டார் என்கிறது. எல்லாம் தாண்டி உள்ளே வந்தால் இடப்பக்கம் வட்டம் வட்டமாக என்னவோ, நடுவில் இருபத்தைந்து சேனல் பெயர்கள், எதில் எழுதுவது? எதையோ தட்ட, மைக் அனுமதி கேட்கிறது. "சார், நான் பேசுறது எல்லாருக்கும் கேட்குதா?" என்று வாட்ஸ்அப்பில் வந்து உங்களிடம் கேட்பார், அதோடு சரி, மறுபடி அந்தப் பக்கம் போகமாட்டார். அவரைக் குறை சொல்லக்கூடாது. வாட்ஸ்அப் ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது, அது தமிழிலும் இருக்கிறது, மகளோடும் பால்காரரோடும் அதில்தான் பேசுகிறார். நீங்கள் அவரிடம் கேட்பது ஒரு புதுப் பழக்கத்தை, அவருக்கு அதனால் கிடைப்பது மாவுப்பூச்சிக்குப் பதில்.

அதனால் தொடங்கும்போது சேனல் ஐந்துக்கு மேல் வேண்டாம். 500 சேனல்வரை வைக்க இடம் இருக்கிறது என்பதற்காக விதவிதமாகத் திறக்கிற ஆசை எல்லா அட்மினுக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அறிவிப்பு, கேள்வி ஃபோரம், விதைப் பரிமாற்றம், அரட்டை, ஒரு ஸ்டேஜ். நோட்டிஃபிகேஷனை 'பெயர் சொல்லி அழைத்தால் மட்டும்' என்று சர்வர் அளவிலேயே வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் நாள் இரவே பாதிப் பேர் மியூட் செய்துவிடுவார்கள், மியூட் செய்தவர் திரும்பி வருவது அபூர்வம்.

மாற்றுகளைப் பற்றி இரண்டு வரி. ஆயிரம் பேரையும் ஒரே இடத்தில் வைப்பதுதான் குறி என்றால் டெலிகிராம் போதும், குழுவுக்கு 2 லட்சம் பேர் வரை, தலைப்பு வாரியாகப் பிரிக்கலாம், போன் நம்பரை மறைக்கலாம், நேரலைக் குரலும் உண்டு. ஆனால் அறிமுகமில்லாத ஆள் இன்பாக்ஸில் வந்து 'வீட்டிலிருந்தே வருமானம்' என்று ஆரம்பிக்கிற தொல்லை அங்கே அதிகம். நம்ம ஊர் ஸோஹோவின் 'அரட்டை' செயலியைப் பலர் சொல்வார்கள், 2025 செப்டம்பர், அக்டோபரில் எல்லோரும் இறக்கிப் பார்த்தார்கள். அது வாட்ஸ்அப்புக்கு மாற்று, டிஸ்கார்டுக்கு அல்ல, உங்கள் சிக்கல் அப்படியே அங்கே குடிபெயரும். அலுவலகங்களில் புழங்கும் ஸ்லாக்கை விட்டுவிடுங்கள், இலவசக் கணக்கில் 90 நாளுக்கு முந்தைய பேச்சு கண்ணில் படாது. போன ஆடிப்பட்டத்தில் பேசியது இந்த ஆடிக்குக் கிடைக்காது என்றால் தோட்டக் குழுவுக்கு அது எதற்கு?

இலவசம் என்கிறார்களே, எதில் பிடிக்கிறார்கள்? இலவசக் கணக்கில் ஒரு கோப்பு 10 எம்பிதான், முன்பு 25 இருந்ததைக் குறைத்துவிட்டார்கள். போட்டோவுக்குப் போதும், போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவுக்குப் பெரும்பாலும் போதாது. அதை யூடியூபில் அன்லிஸ்டடாக (லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) போட்டு லிங்க் கொடுங்கள். நைட்ரோ, பூஸ்ட் என்று பணம் கேட்பவை உங்களுக்குத் தேவையில்லை, யாராவது ஆசைப்பட்டுப் போட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், அதை நம்பி எதையும் அமைக்காதீர்கள், அவர் நிறுத்தினால் வசதியும் போய்விடும்.

அந்தரங்கம் பற்றித் தெளிவாக இருங்கள். குரலுக்கும் வீடியோவுக்கும் 2024 செப்டம்பரில் முனைக்கு முனை மறையாக்கம் (பேசுகிறவர்கள் தவிர நடுவில் யாரும் கேட்கமுடியாத ஏற்பாடு) அறிவித்தார்கள், ஸ்டேஜ் சேனலுக்கு அது இல்லை, எழுத்துச் செய்திகளுக்கும் இல்லை. வாட்ஸ்அப்பில் எழுத்துக்கு உண்டு. செடி பற்றிப் பேசுவதில் ரகசியம் ஒன்றுமில்லை, ஆனால் விதை அனுப்ப வீட்டு முகவரியும் போன் நம்பரும் கேட்பீர்கள் அல்லவா, அதைச் சேனலில் போடவிடாதீர்கள். இன்னொன்று, டிஸ்கார்டுக்கு வாடிக்கையாளர் சேவை செய்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாகத் தகவல் கசிந்து, வயதை நிரூபிக்கக் கொடுத்த அரசு அடையாள அட்டைப் படங்கள் சுமார் 70,000 பேருடையது வெளியே போயிருக்கலாம் என்று 2025 அக்டோபரில் நிறுவனமே சொன்னது. உங்கள் சர்வரில் சேர யாரும் ஆதார் படம் அனுப்பத் தேவையில்லை, அட்மின் என்ற பெயரில் யாராவது கேட்டால் அது ஏமாற்று.

மோசடியில் எனக்கு மிகவும் பயமானது க்யூஆர். டிஸ்கார்டில் கம்ப்யூட்டரில் உள்நுழைய, அங்கே தெரியும் க்யூஆரைப் போன் செயலியால் ஸ்கேன் செய்யலாம், பாஸ்வேர்டு வேண்டாம். திருடன் தன் கம்ப்யூட்டரில் வந்த க்யூஆரை 'நைட்ரோ பரிசு', 'உறுப்பினர் சரிபார்ப்பு' என்று படமாக அனுப்புவான். டீக்கடையில் தொடங்கிக் கோயில் உண்டியல்வரை ஸ்கேன் செய்து பழகிய கை நமக்கு, யோசிக்காமல் நீட்டிவிடுவோம். 'ஆம்' என்று ஒரு தட்டு தட்டினால் கணக்கு அவன் கையில், அடுத்த நிமிடம் அதே க்யூஆர் உங்கள் பெயரில் குழுவெங்கும் போகும். அறிவிப்புச் சேனலில் முதல் பதிவே இதுவாக இருக்கட்டும்.

சரி, உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இதுதான். இரண்டு வாட்ஸ்அப் குழுக்களையும் ஒரே 'கம்யூனிட்டி'க்குள் கொண்டுவந்து அறிவிப்பை ஒரே இடத்தில் போடுவேன். குழுவில் உண்மையாகப் பதில் எழுதுகிற, விதை சேர்க்கிற, ஞாயிறு கூட்டம் நடத்துகிற முப்பது நாற்பது பேரை மட்டும் முதலில் டிஸ்கார்டுக்கு அழைப்பேன். வாட்ஸ்அப்பில் கேள்வி வந்தால் இவர்களில் ஒருவர் ஃபோரம் பதிவின் பதிலை நகலெடுத்து அங்கே ஒட்டுவார், அடியில் லிங்கும் இருக்கும், விருப்பமுள்ளவர் தானாக வருவார். இரண்டையும் தானாக இணைக்கிற பாட் வேண்டாம். அதிகாரபூர்வமற்ற வழியில் வாட்ஸ்அப்பை இயக்கினால் அந்த நம்பரையே முடக்கிவிடுவார்கள்.

ஒரு மாதம் ஓட்டிவிட்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணாதீர்கள், அது ஏமாற்றும் எண். யாரும் நினைவூட்டாமல் தானாக வந்து பதில் எழுதினவர் எத்தனை பேர் என்று பாருங்கள். போன வாரம் கேட்ட ஒரு கேள்வியை, அதைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து ஃபோரமில் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள், அவர் திணறினால் டேக்குகள் சரியில்லை. ஞாயிறு கூட்டத்துக்கு வைஃபை இல்லாமல் மொட்டை மாடியில் மொபைல் டேட்டாவோடு ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். இந்த மூன்றும் தேறினால் கதவை எல்லோருக்கும் திறக்கலாம், ஆடிக்கு முன் திறந்தால் விதைப்புக் கேள்விகள் குவிகிற நேரத்தில் ஃபோரம் தயாராக இருக்கும். அழைப்பு லிங்கை 'காலாவதி ஆகாது' என்று மாற்றுங்கள், இயல்பாக ஒரு வாரத்தில் செத்துவிடும், விதைக் கவரில் அச்சடித்த பிறகு தெரிந்தால் வயிறு எரியும்.

ஃபோரமில் தேறிய நல்ல பதில்களை மாதம் ஒருமுறை ஒரு கூகுள் டாக்ஸிலும் ஏற்றிவிடுங்கள். சேனல் முழுவதையும் வெளியே எடுக்க டிஸ்கார்ட் பட்டன் எதுவும் தரவில்லை, உள்ளே எழுதியது கூகுள் தேடலிலும் வராது, நகலெடுத்த படத்தின் லிங்க்கூட வெளியே ஒரு நாள்தான் வேலை செய்யும்.

கடைசியாக, சர்வரின் உரிமையாளர் கணக்கு யாருடையது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். மாடரேட்டர்களுக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டர்' அனுமதி கொடுக்காமல் செய்தி நீக்குவது, ஆளை வெளியேற்றுவது என்று தேவையானதை மட்டும் கொடுங்கள், பாட்களுக்கும் அப்படியே. உரிமையாளர் இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு போனில் வரும் எண்ணும் கேட்பது) போட்டு, அதன் பேக்கப் எண்களைத் தாளில் எழுதிக் குழுவில் இன்னொரு பொறுப்பானவர் வீட்டில் வைக்கட்டும், போன் தண்ணீரில் விழுந்தால் அந்தத் தாள் இல்லாமல் உள்ளே வர வழியில்லாமல் போகலாம்.